கீழக்கரையிலிருந்து துபாய்: முதல் சபருக்கு (பயணத்துக்கு) ஒரு நேரக் கணக்கு

துபாய் எவ்வளவு தூரம் என்று எங்கள் கரையில் யாரைக் கேட்டாலும் கிலோமீட்டரில் பதில் வராது. "நாலு மணி நேரம்தானே" என்பார்கள். பொய்யில்லை. ஆனால் அது விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும். கீழக்கரையில் வீட்டுப் படி இறங்கியதிலிருந்து துபாயின் தேரா பகுதியில் அறைக்குப் போய்ப் பையை வைக்கும் வரை கணக்குப் போட்டால் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் ஓடிவிடும். முதல்முறை போகிறவர்கள், அவர்களை அனுப்பிவைக்கிற வீட்டார், திரும்பி வரும்போது கூட்டிவரப் போகிறவர்கள் எல்லோருக்கும் தேவைப்படுவது இந்தப் பெரிய கணக்குதான். இணையத்தில் "இரண்டு ஊர்களுக்கு இடையே தூரம், விமான நேரம்" என்று காட்டும் எண்ணை வைத்துக்கொண்டு வண்டி பேசினால் காரியம் கெட்டுவிடும்.

முதலில் வானத் தூரம்

ராமநாதபுரம் நகரத்திலிருந்து துபாய்க்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 3,040 கிலோமீட்டர். இணையப் பக்கங்கள் இதைப் போட்டு, கீழேயே நான்கு மணி நேரச் சில்லறை என்று விமான நேரத்தையும் போட்டுவிடும். நம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது என்பது அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. உச்சிப்புளியில் ஓடுதளம் இருக்கிறதே என்றால், அது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து. அங்கே டிக்கெட் எடுத்து ஏற முடியாது. ஆக, அந்த எண் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, அவ்வளவே.

நாம் ஏறக்கூடிய இடங்கள் மதுரை, திருச்சி, சென்னை. தூத்துக்குடியில் உள்நாட்டு விமானங்கள் மட்டும்தான். இந்த மூன்றிலிருந்தும் துபாய்க்கு உள்ள தூரத்தைப் பாருங்கள்: மதுரையிலிருந்து சுமார் 2,950, திருச்சியிலிருந்து 2,940, சென்னையிலிருந்து 2,930 கிலோமீட்டர். சென்னை அவ்வளவு கிழக்கே தள்ளி இருக்கிறதே, தூரம் கூடத்தானே வேண்டும் என்று தோன்றும். துபாய் நமக்கு நேர் மேற்கில் இல்லை, வடமேற்கில் இருக்கிறது. சென்னை கிழக்கே தள்ளியிருக்கும் அளவுக்கு வடக்கேயும் தள்ளியிருப்பதால் இரண்டும் சரிக்கட்டிப் போகிறது. அதனால் எங்கே ஏறினாலும் வானத்தில் ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த ஊரில் ஏறுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது சாலையும் அன்றைக்கு இருக்கிற விமானமும்.

தூரம் தேடும்போது அலகைக் கவனியுங்கள். ஒரே தூரத்தை ஒரு பக்கம் 2,950 கிலோமீட்டர் என்னும், இன்னொன்று 1,833 மைல் என்னும், மூன்றாவது 1,593 கடல் மைல் என்னும். மூன்றும் சரி. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விசைப்படகில் ஜி.பி.எஸ். வைத்திருப்பவர்களுக்குக் கடைசிக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தூரத்திலிருந்து நேரம் கண்டுபிடிக்க

பயணிகள் ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வரை பறக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது வேறு. மனக்கணக்குக்கு இது போதும்: தூரத்தை 800-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மதுரை–துபாய் 2,950-ஐ 800-ஆல் வகுத்தால் மூன்றே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. அரை மணி கூட்டினால் நாலே கால் மணி நேரத்தை ஒட்டி வரும். உம்ராவுக்குச் சென்னையிலிருந்து நேராக ஜித்தா போகிறவர்களுக்கு 4,450 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் 2,690 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மதுரையிலிருந்து கொழும்பு 355 கிலோமீட்டர், ஒரு மணி நேரம்கூட முழுதாகக் கிடையாது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை போட் மெயில் ரயிலில் அங்கே வந்து இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயில் ஏறி இதே கொழும்புக்குப் போனார்கள்.

போக ஆகும் நேரமும் திரும்ப ஆகும் நேரமும் ஒன்றாக இருக்காது. இதைக் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். கச்சான் என்கிற மேல்காற்று வீசும்போது வல்லத்தை மேற்கே ஓட்டுவதும் கிழக்கே ஓட்டுவதும் ஒன்றா? மேலேயும் அதே கதைதான். குளிர்கால மாதங்களில் வட இந்தியா, அரேபியா பக்கம் விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று ஓடும். துபாய் போகும்போது அது எதிர்க்காற்று, ஊர் திரும்பும்போது பின்காற்று. அதனால்தான் திரும்பி வருவது பெரும்பாலும் கால் மணி, இருபது நிமிடம் முன்னதாக முடிகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை கொஞ்சம் மாறும். கீழே நமக்குக் கச்சான் அடிக்கும் அதே மாதங்களில், தென்னிந்தியாவுக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் போகும். வானிலை ஆய்வாளர் பி. கோட்டேஸ்வரம் 1958-இல் இதை விவரித்து எழுதினார். அந்த ஓட்டத்தின் நடுப்பகுதி விமானத்தின் உயரத்துக்கும் மேலே இருந்தாலும் அதன் வீச்சு கீழேயும் தெரியும். ஆகவே இந்த மாதங்களில் போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடலாம். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் இதையெல்லாம் உத்தேசித்துச் சற்றுத் தாராளமாகவே போடப்படுகிறது. "இருபது நிமிசம் முன்னாடியே இறக்கிட்டான்" என்று பைலட்டைப் பாராட்டுவது நம் வழக்கம். பாராட்டில் பாதி காற்றுக்கும், பாதி அட்டவணை போட்டவருக்கும் சேர வேண்டும்.

டிக்கெட்டைப் படிப்பது எப்படி

பிசகு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி இருக்கும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். துபாய், அபுதாபி, மஸ்கட் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். மலேசியாவும் சிங்கப்பூரும் இரண்டரை மணி நேரம் முன்னால். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மதுரையில் காலை 11:00 புறப்பாடு, துபாயில் 13:45 வருகை என்று டிக்கெட்டில் இருக்கிறது. பார்த்தவுடன் "ரெண்டே முக்கால் மணி நேரம்தான் போல" என்று தோன்றும். ஒன்றரை மணியைக் கூட்டுங்கள், நாலே கால் வரும். திரும்பும் டிக்கெட்டில் துபாய் 22:30, மதுரை 03:50 என்று இருந்தால் இடைவெளி ஐந்து மணி இருபது நிமிடம். அதில் ஒன்றரை மணியைக் கழியுங்கள், மூன்று மணி ஐம்பது நிமிடம். மேற்கே போனால் கூட்டு, கிழக்கே வந்தால் கழி.

03:50-க்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருக்கும். மறுநாள் என்று அர்த்தம். பத்தாம் தேதி இரவு ஏறுகிறவர் ஊரில் இறங்குவது பதினொன்றாம் தேதி விடிகாலை. வீட்டில் பத்தாம் தேதிக்கு வண்டி பேசிவிட்டால் டிரைவர் ஒரு நாள் முழுக்கச் சும்மா காத்திருப்பார்.

இதைவிட மோசமான குழப்பம் நள்ளிரவு விமானம். "25-ஆம் தேதி 00:40" என்று டிக்கெட்டில் இருந்தால் 24-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நம் பேச்சில் "25 ராத்திரி" என்றால் 25-ஆம் தேதி பொழுது சாய்ந்த பிறகுதான். அதை நம்பி 25 இரவு விமான நிலையம் போனால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகியிருக்கும். டிக்கெட் கைக்கு வந்ததும் வீட்டுச் சுவர்க் காலண்டரில் "வீட்டிலிருந்து கிளம்பும் நாள், மணி" என்று எழுதிவிடுங்கள். விமானத்தின் தேதியை எழுத வேண்டாம்.

ஊர்ப் பெயருக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. மதுரை ஐஎக்ஸ்எம், திருச்சி டிஆர்இசட், சென்னை எம்ஏஏ. துபாய் டிஎக்ஸ்பி. ஏஜென்ட் "துபாய்தான்" என்று கொடுத்த டிக்கெட்டில் எஸ்எச்ஜே என்றிருந்தால் ஷார்ஜா. அது பக்கம்தான், பெரிய தொந்தரவில்லை. ஏயூஎச் என்றிருந்தால் அபுதாபி. அங்கிருந்து துபாய்க்குச் சாலையில் 130, 140 கிலோமீட்டர், கீழக்கரையிலிருந்து மதுரை போகிற தூரம். கூட்டிப்போக வருகிற மச்சானிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

நோன்பு மாதத்தில் பறப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரைக்கும் துபாய்க்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 22.7 பாகை. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் 91 நிமிடம். கடிகார வித்தியாசமும் 90 நிமிடம்தான், சூரியனும் கடிகாரமும் இந்தப் பயணத்தில் ஒத்துப்போகின்றன. மதியம் ஏறி மேற்கே பறந்தால் பகல் அந்த அளவுக்கு நீளும். ஊரில் பாங்கு சொல்லிவிட்டார்களே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், ஜன்னலில் சூரியன் பளிச்சென்று நிற்கும். எப்போது நோன்பு திறப்பது என்பதைக் கிளம்பும் முன் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மலேசியா போகிறவர்களுக்கு இந்த ஒத்திசைவு கிடையாது. சூரியக் கணக்கில் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான், கடிகாரத்தில் இரண்டரை. 1982 தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்ததும் இதற்கு ஒரு காரணம். அங்கே ஏழு மணிக்கு மேல்தான் விடியும், முதல் வாரம் விசித்திரமாக இருக்கும். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் நேரம் மாறுவதை டாக்டரிடம் பேசிவிட்டு ஏறுங்கள்.

எந்த விமான நிலையம்

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், உச்சிப்புளி, மண்டபம் பக்கம் இருப்பவர்களுக்கு மதுரைதான் வசதி. கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் பதினெட்டு கிலோமீட்டர் அளவில், அங்கிருந்து பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் வழியாக மதுரை சுமார் 115. காரில் இரண்டரை மணி, பஸ்ஸில் மூன்று மணிக்கு மேல். காரில் போகிறவர்கள் மதுரைக்குள் நுழையவே வேண்டாம். விரகனூரில் ரிங் ரோட்டில் இடப்பக்கம் திரும்பினால் விமான நிலையத்துப் பக்கம் போய்விடலாம். பஸ்ஸில் போகிறவர்கள் மாட்டுத்தாவணி வரை போனால் ஊரின் மறுகோடிக்குப் போனதாகிவிடும். விரகனூர் ரிங் ரோட்டிலேயே இறங்கி ஆட்டோ பிடிப்பது நல்லது.

தொண்டி, திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக்காரர்களுக்குத் தேர்வு இருக்கிறது. தொண்டியிலிருந்து சிவகங்கை வழியாக மதுரை 110 கிலோமீட்டர் போல. தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி 150 கிலோமீட்டர் போல. தூரம் கூடினாலும் பலர் திருச்சிக்குப் போவது வெளிநாட்டு விமானங்கள் அங்கே அதிகம் என்பதால். மலேசியா, சிங்கப்பூர் போகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். இன்னொரு வசதி, திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே, ஊருக்கு முன்பே வந்துவிடும். 2024 ஜனவரியில் திறந்த புதிய முனையம் பெரியது, உள்ளே நடக்கவும் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

சென்னை 550 கிலோமீட்டர். முந்தின நாள் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய்ச் சேரலாம். எழும்பூர் வரை போகத் தேவையில்லை. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போனால் எதிரிலேயே விமான நிலையம். டிக்கெட் விலையில் இரண்டாயிரம், மூவாயிரம் குறைகிறது என்பதற்காக மட்டும் சென்னையைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பது என் கட்சி. ரயில் கட்டணம், சாப்பாடு, ஒரு நாள் அலைச்சல், ரயில் தாமதமாகுமோ என்ற பயம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்த லாபம் கரைந்துவிடும். நேர் விமானம் அங்கேதான் இருக்கிறது என்றால் சரி, போய்த்தான் ஆக வேண்டும்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

விமானம் 11:00 மணிக்கு. வெளிநாட்டு விமானங்களுக்கு லக்கேஜ் போடும் கவுன்ட்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், அதாவது 10:00. மூடின பிறகு விமானம் கண்ணெதிரே நின்றாலும் ஏற்ற மாட்டார்கள். முதல்முறை போகிறவருக்குக் குடியேற்றப் பிரிவில் கேள்வி கூடுதலாக இருக்கும், வேலை விசா என்றால் இன்னும் கூடும். அதனால் மூன்று மணி நேரம் முன்பு, 8:00 மணிக்கு வாசலில் நில்லுங்கள். சாலைக்கு மூன்று மணி வைத்தால் 5:00. பரமக்குடியில் டீ, வழியில் ஒரு டயர் பஞ்சர், மறந்துபோன கவர் என்று அரை மணி. ஆக, வீட்டிலிருந்து 4:30. அதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் வந்து வழியனுப்பி, பையில் அல்வாவும் ஊறுகாயும் திணிப்பதற்கு எவ்வளவு நேரம் என்பதை உங்கள் உம்மாவிடம்தான் கேட்க வேண்டும். பையின் எடையை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். கவுன்ட்டர் முன்னால் பெட்டியைப் பிரித்துக் கருவாட்டை வெளியே எடுப்பது நேரத்தையும் மானத்தையும் சேர்த்து வாங்கும்.

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை) என்று இருக்கும். அப்படி இருந்து, வேலைக்காக வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போகிறீர்கள் என்றால் குடிபெயர்வு அனுமதி முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த மணிக்கணக்கு எதுவும் உதவாது. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

11:00-க்குக் கிளம்பி 13:45-க்கு இறங்கினால், வரிசையில் நின்று பெட்டியை எடுத்து வெளியே வரத் துபாய் நேரம் 15:00 ஆகும். நம் நேரத்துக்கு 16:30. வீட்டை விட்டு இறங்கிப் பன்னிரண்டு மணி நேரம். நான் முதலில் சொன்ன கணக்கு இதுதான்.

மாறிப் போகும் விமானம்

நேர் விமானம் கிடைக்காவிட்டால் கொழும்பு வழியாகப் போகச் சொல்வார்கள். வடமேற்கே போக வேண்டியவர் முதலில் தெற்கே 355 கிலோமீட்டர் போய், பிறகு அங்கிருந்து 3,290 கிலோமீட்டர் பறக்க வேண்டும். மொத்தம் 3,640-க்குமேல், நேர் வழியைவிட எழுநூறு கிலோமீட்டர் கூடுதல். பறக்கும் நேரம் ஒன்றரை மணி நேரம்போலக் கூடும், அது பெரிதில்லை. நடுவில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் பெரிது. அது இரண்டு மணியாகவும் இருக்கலாம், பத்து மணியாகவும் இருக்கலாம். டிக்கெட்டில் "மொத்தப் பயண நேரம்" என்று தனியாக ஒரு வரி இருக்கும். விலைக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது அந்த வரியை.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கும்படி எடுங்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், ஒரே டிக்கெட் என்றால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு. தனித்தனி டிக்கெட் என்றால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டிவரும். உள்நாட்டு விமானத்தில் சென்னை அல்லது மும்பை போய் மாறுவதானால், முனையம் மாறி நடக்கும் நேரத்தையும் குடியேற்ற வரிசையையும் சேர்த்துக் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி வேண்டும்.

கூட்டிவரப் போகிறவர்களுக்கு

"காக்கா (அண்ணே), எத்தனை மணிக்கு இறங்குவீங்க?" என்று கேட்டால், அங்கிருப்பவர் பழக்கத்தில் துபாய் நேரத்தில் சொல்லிவிடுவார். "நம்மூர் மணிக்கா, அந்தூர் மணிக்கா?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். அதைவிட நல்லது, டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி நீங்களே பார்த்துக்கொள்வது. விமான எண் கையில் இருந்தால் ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் அது இப்போது எங்கே பறக்கிறது என்று தெரியும். அரபிக்கடலைத் தாண்டிக் கேரளக் கரைக்கு மேலே வந்துவிட்டால் மதுரையில் இறங்க அதிக நேரம் இருக்காது. கீழக்கரையிலிருந்து அப்போது வண்டியெடுத்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

03:50-க்கு இறங்கும் விமானத்துக்கு ஆள் வெளியே வர ஐந்து மணி ஆகும். வீட்டிலிருந்து இரண்டு, இரண்டேகாலுக்குக் கிளம்பினால் போதும். கிளம்பும் முன் ஒரு காரியம்: துபாயில் விமானம் உண்மையிலேயே புறப்பட்டுவிட்டதா என்று பாருங்கள். 22:30 அங்கே என்றால் இங்கே நள்ளிரவு 12:00. ஆகவே பன்னிரண்டரைக்கு ஒருமுறை செயலியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். புறப்படத் தாமதம் என்றால், எவ்வளவு தாமதமோ அவ்வளவு நேரம் டிரைவரைத் தூங்க விடுங்கள். விடிகாலையில் அந்தச் சாலையில் திரும்பி ஓட்டிவரப் போகிறவர் அவர்தான்.